வைரஸ் பரவும் நேரத்தில் வீட்டையும் மனசையும் தயாராக வைப்பது எப்படி? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

மாடிவீடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்க பக்கம் வைரஸ் காய்ச்சல் மறுபடி பரவ ஆரம்பிச்சிருக்கு. பையன் வகுப்புல நேத்து 11 பேர் வரல. எங்க வீட்டுல அஞ்சு பேர்: நான், வீட்டுக்காரர், 12 வயசுப் பொண்ணு, 7 வயசுப் பையன், 74 வயசு மாமியார். ரெண்டு படுக்கையறை, ஒரே குளியலறை.

2020லயும் வீட்டைத் தயார் பண்ணினது நான்தான். மார்ச் 11 அன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்றுன்னு சொன்னதும் மறுநாளே உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மளிகை, சோப்பு, மாத்திரை, பேட்டரி எதுக்கும் குறைவில்ல. ஆனா மூணாவது வாரத்துல வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுத்துப் பேசல. பிள்ளைங்க எதுக்கெடுத்தாலும் சண்டை. அத்தை ரூம்ல காலையில போட்ட செய்திச் சேனல் ராத்திரிதான் அணையும். இறந்தவங்க எண்ணிக்கை கீழ ஓடும், அதையே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. ஒருநாள் தண்ணி கொண்டு போனப்போ, "நான் உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேனாம்மா?"ன்னு கேட்டாங்க. "அப்படியெல்லாம் இல்ல அத்தை"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கு மேல பேச அன்னைக்கு எனக்கு வாய் வரல. அந்தக் கேள்வி இன்னும் மனசுல கிடக்கு.

இந்தத் தடவை சாமான் வாங்குறதோட நிறுத்திக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். நோய் வந்தா சமாளிக்கவும் தெரியணும், வராத நாள்ல வீடு வீடா இருக்கவும் வேணும். நீங்க என்ன செஞ்சீங்க, எது உதவுச்சு, எது உதவலன்னு கொஞ்சம் விவரமா எழுதுங்க.

இரவுப்பணி எழுதியது:

மாடிவீடு, தங்கச்சின்னே கூப்பிடுறேன். 31 வருஷம் வார்டுல நின்னு ஓய்வு வாங்கினவ நான். சாமான் பட்டியல் உங்ககிட்ட இருக்கு, அதை விடுங்க. வீடுங்க தடுமாறுறது வேற இடத்துல. காய்ச்சல் வந்த ராத்திரிதான் யாரை எந்த ரூம்ல விடுறது, யார் கூட இருக்கிறதுன்னு பேச ஆரம்பிப்பாங்க. அந்த நேரத்துல எல்லாருக்கும் பயம், தூக்கம் வேற இருக்காது. எடுக்கிற முடிவு ஒண்ணும் சரியா வராது.

அதனால இப்பவே உட்கார்ந்து முடிவு பண்ணுங்க. ஜன்னல் நல்லா திறக்கிற ரூம் எதுவோ அது நோயாளி ரூம். உள்ள போய்ப் பார்த்துக்கிறவங்க ஒரே ஒருத்தர். அவங்களும் விழுந்துட்டா அடுத்தது யார்னு இன்னொரு பேர். உங்க அத்தை அந்த ரெண்டு பேர்ல வேண்டாம், ஆனா அவங்களுக்கு வேற வேலை இருக்கு, கீழ சொல்றேன். குளியலறை ஒண்ணுதான்னா நோயாளி கடைசியா போகட்டும். வெளிய வந்ததும் ஜன்னலைத் திறந்து விட்டு, குழாய், தாழ்ப்பாள், ஃப்ளஷ் கைப்பிடியை மட்டும் துடைச்சாப் போதும். முழுச் சுவரையும் தேய்ச்சுக் களைச்சுப் போகாதீங்க. பல் தேய்க்கிற பிரஷ்ஷை மட்டும் தனியா வைங்க.

அடுத்தது ஒரு நோட்டு. நான் கெஞ்சிக் கேட்டுக்கிறது இதுதான். காய்ச்சல் எவ்வளவு இருந்துச்சுன்னு டாக்டர் கேட்டா "நல்லா கொதிச்சுது"ன்னு சொல்றவங்கதான் அதிகம். எப்ப கொதிச்சுது, என்ன மாத்திரை எப்ப குடுத்தீங்க, எத்தனை தடவை சிறுநீர் போச்சு, இதுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பதில் சொல்வாங்க. மணி, காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை, குடிச்ச தண்ணி, மருந்து, சிறுநீர்னு ஆறு கட்டம் போட்டு வச்சா எந்த டாக்டரும் ரெண்டு நிமிஷத்துல நிலவரத்தைப் புரிஞ்சுப்பார். இந்த நோட்டை உங்க அத்தை கையில குடுங்க. உள்ள போறவங்க கதவுக்கு வெளிய வந்து சொல்லட்டும், அவங்க எழுதட்டும்.

மூச்சு எண்ணுறது எப்படின்னு இப்பவே பழகிக்கோங்க. குழந்தை அமைதியா இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குறதைக் கடிகாரத்தைப் பார்த்து முழுசா ஒரு நிமிஷம் எண்ணணும். பாதி நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்க வேண்டாம், பிள்ளைங்க மூச்சு சீரா இருக்காது. 1 வயசுல இருந்து 5 வயசு வரைக்கும் நிமிஷத்துக்கு 40ஐத் தொட்டா அது வேகமூச்சு. 2 மாசம் முடிஞ்சு 1 வயசுக்குள்ளன்னா 50. அதுக்கும் சின்னக் குழந்தைன்னா 60. ஆக்சிமீட்டர், அதாவது விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு பார்க்கிற கருவி வச்சிருந்தா, பெரியவங்களுக்குப் பொதுவா 95ஓ அதுக்கு மேலயோ இருக்கணும். 94, 93 காட்டுனா டாக்டர்கிட்ட பேசுங்க. 92ன்னா பேசிக்கிட்டு இருக்காம கிளம்புங்க. ஏற்கெனவே நுரையீரல் வியாதி இருக்கிறவங்க அவங்க எண்ணு என்னன்னு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கணும். கை சில்லுனு இருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி தப்பாக் காட்டும். கையைத் தேய்ச்சுச் சூடாக்கிட்டு இன்னொரு தடவை பாருங்க.

பாராசிட்டமால் பெரியவங்களுக்கு 24 மணி நேரத்துல 4 கிராமைத் தாண்டவே கூடாது, ஒல்லியானவங்களுக்கும் கல்லீரல் கோளாறு இருக்கிறவங்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரை பலதுலயும் அதே மருந்து கலந்திருக்கு, அட்டையைப் படிக்காம ரெண்டையும் போட்டுக்கிட்டா அளவு கூடிடும். பிள்ளைங்களுக்கு அளவு எடையை வச்சுத்தான், வயசை வச்சு இல்ல. இந்த வாரமே ரெண்டு பேர் எடையும் பார்த்து நோட்டு முதல் பக்கத்துல எழுதிடுங்க. ஆஸ்பிரின் பிள்ளைங்களுக்குக் கூடவே கூடாது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒண்ணும் பண்ணாது, பழைய சீட்டை வச்சு நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்க.

காத்திருக்கக் கூடாத நேரமும் இருக்கு. மூச்சுத் திணறல், விலா எலும்புக்கு நடுவுல சதை உள்ள இழுக்கிறது, உதடு நீலம் பாயுறது, பேச்சு குழறுறது, எழுப்பினா முழிக்காதது, நெஞ்சுவலி, குழந்தைக்கு 8 மணி நேரமா சிறுநீரே போகாதது, இதுல எது வந்தாலும் உடனே கிளம்பணும். 3 மாசத்துக்குள்ள இருக்கிற குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தா வேற எந்த அறிகுறியும் இல்லாட்டியும் டாக்டர்கிட்ட போயிடணும். காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் நல்லா இருந்துட்டு மறுபடி ஏறுச்சுன்னா அதையும் சாதாரணமா எடுத்துக்காதீங்க.

அத்தை விஷயத்துல இன்னொண்ணு. ஃப்ளூவா இருந்தா அதுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தை 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்ல பலன். "ரெண்டு நாள் பார்ப்போம்"னு 74 வயசுக்காரங்களை வச்சுப் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. பிரஷர், சர்க்கரைக்கு அவங்க தினம் போடுற மாத்திரை ஒரு மாசத்துக்கு இருக்கான்னு எண்ணிப் பாருங்க. அலமாரி நிறைய சோப்பு வாங்கி வச்சிட்டு, தினப்படி மாத்திரை தீர்ந்துபோய் வந்து நின்னவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன்.

சாளரம் எழுதியது:

அக்கா எழுதினதுக்கு மேல காத்து விஷயம் மட்டும் நான் சொல்றேன். கட்டடங்களுக்குக் காற்றோட்டம் வடிவமைக்கிறதுதான் என் வேலை.

நோயாளி ரூம் கதவைச் சாத்திட்டா மட்டும் காத்து அங்கேயே நிக்காது. காத்து எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்கணும். அதுக்கு ஒரு சோதனை. டிஷ்யூ காகிதத்தை விரல் அகலத்துக்கு நீளமாக் கிழிச்சு, கதவுக்கு அடியில இருக்கிற இடுக்குப் பக்கத்துல தொங்க விடுங்க. காகித நுனி ரூமுக்குள்ள சாயணும். வெளிய உங்க பக்கம் சாய்ஞ்சா நோயாளி விட்ட மூச்சு ஹாலுக்கு வருதுன்னு அர்த்தம். அப்போ அந்த ரூம் ஜன்னல்ல ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வைங்க, சுத்தி இருக்கிற இடைவெளியை அட்டை வச்சு அடைங்க. ஹால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்க. காகிதம் உள்பக்கம் திரும்புறதை நீங்களே பார்ப்பீங்க. என் வீட்டுல இதைச் செஞ்சப்போ பிள்ளைங்க தரையில படுத்து அந்தக் காகிதத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஜன்னல் சரியில்லாத வீடுன்னா, ரூம் காத்தை வடிகட்டிச் சுத்தம் பண்ண, பெட்டி விசிறியோட நாலு பக்கம் வடிகட்டி வச்சு ஒட்டுற கோர்சி ரோசந்தால் பெட்டி இருக்கு. 2020ல ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் ரெண்டு பேரோட யோசனையில வந்தது. மெர்வ் 13 தரத்து வடிகட்டி வேணும் (மெர்வ்ங்கிறது வடிகட்டி எவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்கும்னு சொல்ற அளவு). டேப் ஒட்டி ஒரு மணி நேரத்துல வீட்டுலயே செஞ்சிடலாம்.

உள்ள போறவங்க என்95 போடட்டும். மூச்சு விடும்போது கண்ணாடி மேல ஆவி படிஞ்சா மூக்குக் கம்பி சரியா அமரலைன்னு அர்த்தம். நோயாளியும் அந்த நேரத்துல மாஸ்க் போட்டுக்கிட்டா ரெட்டைப் பாதுகாப்பு. ஒரு எச்சரிக்கை: தட்டம்மை மாதிரி நோயில, நோயாளி ரூமை விட்டுப் போன பிறகும் 2 மணி நேரம் வரைக்கும் கிருமி காத்துல இருக்கும். அதனால ஆள் வெளிய வந்ததும் ஓடிப்போய்ப் பெருக்க வேண்டாம்.

குட்டிமேகம் எழுதியது:

சாளரம் அண்ணா, வெளியிலிருந்து வர்ற பொட்டலத்தையெல்லாம் துடைக்கணுமா? 2020ல நாங்க காய்கறியைக்கூட சோப்புத் தண்ணியில ஊற வச்சோம். அம்மா கை தோல் உரிஞ்சே போச்சு.

சாளரம் எழுதியது:

வேண்டாம்மா. காய்கறிக்குச் சோப்பு போடவே கூடாது, ஓடுற தண்ணியில கழுவினாப் போதும். கோவிட் விஷயத்துல, கிருமி பட்ட ஒரு பொருளை ஒரு தடவை தொட்டா தொற்று வர்ற வாய்ப்பு பத்தாயிரத்துல ஒண்ணுக்கும் கம்மின்னு அமெரிக்காவோட நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரல்ல சொல்லியிருக்கு. பொட்டலத்தைப் பிரிச்சு வச்சிட்டு 20 விநாடி கையைக் கழுவிட்டாப் போதும். அந்தத் துடைக்கிற நேரத்தை ஜன்னலுக்குச் செலவு பண்ணுங்க.

இரவுப்பணி எழுதியது:

தம்பி சொல்றது மூச்சு வழியாப் பரவுற வைரஸுக்குச் சரி. வாந்தி பேதி வைரஸ் வேற ரகம். நோரோவைரஸுக்கு சானிடைசர் அவ்வளவா கேக்காது, சோப்பும் தண்ணியும்தான். வாந்தி பட்ட இடத்தை பிளீச் போட்டுத்தான் சுத்தம் பண்ணணும். வந்திருக்கிறது எந்த நோய்னு தெரிஞ்சுக்கிட்டுத் தயார் பண்ணுங்க.

வெள்ளைத்துணி எழுதியது:

பிளீச் பேச்சு வந்ததால சொல்றேன். போன தடவை பயத்துல, வேகமா சுத்தமாகட்டும்னு குளியலறையில பிளீச்சோட கழிவறை கழுவுற அமிலத்தையும் சேர்த்து ஊத்திட்டேன். ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கிளம்பும்னு எனக்கு அப்போ தெரியாது. தொண்டை அடைச்சு, கண்ணு எரிஞ்சு, கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்து விழுந்தேன். மகன் ஜன்னலைத் திறந்து என்னை வெளிக்காத்துக்கு இழுத்துட்டுப் போனான். ரெண்டு நாள் இருமல் நிக்கல. பிளீச்சோட தண்ணியைத் தவிர எதையும் சேர்க்காதீங்க. அம்மோனியா இருக்கிற கிளீனரும் அதே ஆபத்துதான். புட்டியில 5 சதவீதம்னு போட்டிருந்தா, ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணி கலந்தா 0.1 சதவீதம் வரும், மேசை, கைப்பிடி துடைக்க அது போதும். அன்னன்னைக்குக் கலந்து அன்னன்னைக்கே தீர்த்துடுங்க. பிள்ளைங்க எட்டாத உயரத்துல வைங்க, குடிக்கிற தண்ணி பாட்டில்ல ஊத்தி வைக்கவே வேண்டாம்.

கணக்கு வாத்தியார் எழுதியது:

மாடிவீடு அவர்களுக்கு, உங்கள் பதிவில் என்னைப் பிடித்து நிறுத்தியது அத்தை கேட்ட கேள்விதான்.

2020 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வுத் தொகுப்பு வந்தது. முந்தைய நோய்ப் பரவல்களில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் மனநிலையைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருந்தார்கள். மனதை வாட்டியவை என்று அதில் சொல்லப்பட்டவற்றில் நோய்ப் பயத்தோடு சலிப்பும் இருந்தது, போதிய தகவல் இல்லாமையும் இருந்தது. எதற்காக அடைந்து கிடக்கிறோம் என்பது புரிந்து, அதனால் பிறருக்கு நன்மை என்று உணர்ந்தவர்கள் எளிதாகத் தாங்குகிறார்கள் என்ற கருத்தும் அதில் உண்டு. படித்தபோது என் வகுப்பறைதான் ஞாபகம் வந்தது. சும்மா உட்கார வைத்த பையன் ரகளை செய்வான். கரும்பலகை துடைக்கும் பொறுப்பைக் கொடுத்த பையன் மணி அடித்தும் வீட்டுக்குப் போக மாட்டான்.

உங்கள் வீட்டில் பொருளுக்கு முன்னால் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். அது பாவனையாக இருக்கக் கூடாது. அந்த வேலை நடக்காவிட்டால் வீட்டுக்கு உண்மையிலேயே குறை வர வேண்டும். ஏழு வயதுப் பையனிடம் "சமத்தாக இரு" என்பது வேலை ஆகாது. மாலை ஐந்து மணிக்கு எல்லா ஜன்னல்களையும் பார்த்து வருவது வேலை. குடிநீர்ப் பாத்திரம் காலியானால் சொல்வது வேலை. அவன் மறந்தால் நீங்கள் ஓடிப்போய்ச் செய்துவிடாதீர்கள், அவனைக் கூப்பிட்டு நினைவுபடுத்துங்கள்.

கை கழுவச் சொல்லி விரட்டுவதற்குப் பதிலாக ஒருநாள் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவி, சோப்பு தொட்ட விரலை நடுவில் வைக்கச் சொல்லுங்கள். தூள் விலகி ஓரத்துக்கு ஓடும். இது நீரின் மேற்பரப்பில் நடப்பது, வைரஸ் சாகும் விதம் வேறு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம் அரைகுறையாகச் சொல்லக் கூடாது. கொரோனா, ஃப்ளூ போன்ற வைரஸ்களுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கை விட வைக்கிற சோப்பு அந்த உறையையும் உடைத்துவிடுகிறது. என் பேத்திக்கு இது புரிந்த நாளிலிருந்து எனக்கே கை கழுவக் கணக்கு வைக்கிறாள்.

செய்திக்கு ஒரு நேரம் வையுங்கள். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், சுகாதாரத் துறையின் அறிவிப்பைப் படித்தால் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். படுக்கப் போகும் முன் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவுகளை அத்தைக்கு அனுப்பும் உறவினரிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகள் "நாம செத்துப்போயிடுவோமா?" என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். "இந்தக் காய்ச்சல் வந்தவங்கள்ல ரொம்பப் பேர் குணமாயிடுறாங்க. சிலருக்கு அதிகமாகுது, அதுக்கு டாக்டர் இருக்காங்க. நம்ம வீட்டுல வந்தா என்ன செய்யணும்னு நாங்க பேசி வச்சிருக்கோம், வா காட்டுறேன்" என்று அந்த நோட்டைக் காட்டுங்கள்.

தனிச்சாவி எழுதியது:

குடும்பத்தோட இருக்கிறவங்க பேசுறதைப் படிச்சேன். நான் தனியா இருக்கிறவன், 41 வயசு. என்னை மாதிரி இருக்கிறவங்களுக்கு இது.

கூட வேலை பார்க்கிறவர் ஒருத்தரோட ஏற்பாடு. காலையில எட்டு மணிக்குள்ள நான் ஒரே ஒரு புள்ளி அனுப்பணும். ஒன்பதுக்குள்ள வரலைன்னா அவர் கூப்பிடுவார். எடுக்கலைன்னா மாத்துச்சாவியோட கிளம்பி வருவார். என் மருந்து, ஒவ்வாமை, ரத்த வகை, அக்கா நம்பர் எல்லாம் எழுதி வாசக்கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன். கட்டிலுக்குப் பக்கத்துல கை எட்டுற தூரத்துல தண்ணி, சார்ஜர், தெர்மாமீட்டர், மாத்திரை, ஒரு வாளி.

எனக்குக் காய்ச்சல் வந்தப்போ வாந்தியும் சேர்ந்துக்கிச்சு. எழுந்து நிக்கவே முடியல. உப்பு சர்க்கரைக் கரைசல் அளவு அந்த நேரத்துல ஞாபகத்துக்கே வரல, அதனால இப்போ அதையும் சுவத்துல எழுதிட்டேன்: சுத்தமான தண்ணி 1 லிட்டர், சர்க்கரை தலை தட்டின 6 டீஸ்பூன், உப்பு தலை தட்டின அரை டீஸ்பூன். உப்பு கூடினா ஆபத்து. 24 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது. கடையில விக்கிற பொட்டலம் நாலு வாங்கி வச்சிருந்தா இன்னும் நல்லது.

மனசு விஷயத்துக்கு வர்றேன். எதிர் வீட்டுல 10 வயசுப் பையன் ஒருத்தன். எனக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சதும் தினம் சாயங்காலம் போன் பண்ணுவான். ரெண்டு பேர் வீட்டுலயும் சதுரங்கப் பலகை. "அங்கிள், குதிரையைத் தூக்கி ராணிக்கு முன்னாடி வச்சிட்டேன்"பான். நான் இங்க அவனோட குதிரையையும் நகர்த்தணும். ஒரு ஆட்டம் நாலு நாள் ஓடுச்சு. "எப்படி இருக்கீங்க"ன்னு அவன் ஒருநாளும் கேக்கல. "உங்க டர்ன்"னுதான் சொல்வான். தலைவலியோட படுத்திருக்கும்போதும் அடுத்த காயை யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

வேம்பு எழுதியது:

எல்லாரும் நல்ல மனசோடதான் எழுதுறீங்க. ஆனா மனசைத் தயாரா வைக்கிறதுன்னு பேசுறதைப் பார்த்தாலே எனக்கு வலிக்குது.

2021ல அப்பாவை இழந்தேன். வீட்டுல இருந்த கடைசி நாலு நாளும் நாங்க எல்லாரும் "தைரியமா இருங்கப்பா, பாசிட்டிவா நினைங்கப்பா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தோம். அவர் ரெண்டு தடவை "அந்தப் பச்சை ஃபைல்ல..."ன்னு ஆரம்பிச்சார். ரெண்டு தடவையும் அம்மா "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு"ன்னு நிறுத்திட்டாங்க. நானும் "அதெல்லாம் வந்து பார்த்துக்கலாம்பா"ன்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்ப வரல. பச்சை ஃபைலை அப்புறம் கண்டுபிடிச்சோம். வங்கிக் காகிதத்தோட, எங்க மூணு பேருக்கும் தனித்தனியா எழுதின காகிதம் அதுல இருந்துச்சு. அவர் அதைப் பத்திப் பேசத்தான் நினைச்சிருக்கார். நாங்க கேக்கல.

வீட்டுல யாராவது பயமா இருக்குன்னு சொன்னா தயவுசெஞ்சு வாயை அடைக்காதீங்க.

இரவுப்பணி எழுதியது:

வேம்பு, உன் வலி எனக்குத் தெரியும்மா. கட்டில் பக்கத்துல நின்னவ நான். நீங்க சொன்னதும் பாசத்துலதான் சொன்னீங்க, அது அவருக்கும் தெரிஞ்சுதான் இருக்கும்.

நீ சொன்னதை எல்லாரும் எடுத்துக்கணும். நோயாளி பேச ஆரம்பிச்சா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரணும். "என்னப்பா சொல்லணும், சொல்லுங்க"ன்னு ஒரு வார்த்தை போதும். பயத்தைச் சொல்லி முடிச்சவங்க அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குறதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். சொல்ல விடாம தடுத்தவங்க விடிய விடிய முழிச்சுக்கிட்டே இருப்பாங்க. காகிதம், கையெழுத்து, ஆஸ்பத்திரியில எந்த அளவுக்கு சிகிச்சை வேணும்னு அவங்க விருப்பம், இதெல்லாம் உடம்பு நல்லா இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டியது.

மாடிவீடு எழுதியது:

வேம்பு, நீங்க எழுதினதைப் படிச்சு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து அத்தை ரூமுக்குப் போனேன். டிவியை அணைக்கச் சொல்லல. பக்கத்துல உட்கார்ந்து, "அன்னைக்கு நீங்க பாரமா இருக்கேனான்னு கேட்டீங்களே அத்தை, நான் சரியாப் பதில் சொல்லல"ன்னு ஆரம்பிச்சேன். அவங்களுக்கு அது நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஒரு மணி நேரம் பேசினாங்க. மாமா போனது, தனக்கு ஏதாவதுன்னா யாருக்கும் தொந்தரவு இல்லாம இருக்கணும்னு நினைக்கிறது, நகையை யாருக்குக் குடுக்கணும், எல்லாம். நடுவுல அழுதாங்க, நானும் அழுதேன். முடிஞ்சதும் அவங்களே டிவியை அணைச்சிட்டுச் சாப்பிட வந்தாங்க.

நேத்து ராத்திரி எல்லாரையும் உட்கார வச்சுப் பேசினோம். நோயாளி ரூம் பொண்ணோட ரூம், ஜன்னல் அங்கதான் பெரிசு. உள்ள போறது நான், எனக்கடுத்து வீட்டுக்காரர். ஜன்னலும் காகிதச் சோதனையும் பையன் பொறுப்பு, கிழிச்ச டிஷ்யூவை ஒரு டப்பாவுல போட்டு அவன் பேரை எழுதி வச்சிருக்கான். மருந்து எண்ணிக்கையும் கடைப் பட்டியலும் பொண்ணு. செய்தி பார்த்துச் சொல்றது வீட்டுக்காரர், காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நோட்டு அத்தை.

அத்தை அந்த நோட்டுக்கு உறை போட்டு, ஸ்கேல் வச்சு ஆறு கட்டமும் அடிச்சு, முதல் பக்கத்துல எங்க அஞ்சு பேர் எடையையும் எழுதிட்டாங்க. காய்ச்சல் இல்லாட்டியும் எல்லாருக்கும் தினம் காலையில பார்த்து எழுதணுமாம். மூச்சு எண்ணிப் பழகணும்னு பையனைப் படுக்க வச்சாங்க. அவன் சிரிச்சுக்கிட்டே இருந்ததுல வயிறு குலுங்கி எண்ண முடியல. மூணு தடவை முதல்லேர்ந்து ஆரம்பிச்சாங்க. நாலாவது தடவை அவங்களுக்கே சிரிப்பு வந்துடுச்சு. அத்தை அப்படிச் சிரிச்சு நான் பார்த்து வருஷக்கணக்காச்சு.

மாடிவீடு எழுதியது:

அக்கா, பொண்ணுக்கு இன்னைக்குச் சாயங்காலத்துலேர்ந்து காய்ச்சல். 102.4. உடம்பு வலி, வறட்டு இருமல். ரூம்ல விட்டாச்சு. மூச்சு 22, ஆக்சிமீட்டர் 98. பாராசிட்டமால் எடைக்கு டாக்டர் சொன்ன அளவு 7.15க்குக் குடுத்தேன். விசிறி வச்சாச்சு, காகிதம் உள்பக்கம்தான் சாயுது. வேற என்ன பார்க்கணும்?

இரவுப்பணி எழுதியது:

நல்லா பண்ணியிருக்கீங்க. தண்ணி கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுங்க. தூங்கினா காய்ச்சல் பார்க்கிறதுக்காக எழுப்ப வேண்டாம், மூச்சை மட்டும் வாசல்ல நின்னு கவனிங்க. நான் மேல சொன்ன அறிகுறி எது தெரிஞ்சாலும் விடியட்டும்னு பார்க்காதீங்க. அத்தைக்குத் தொண்டை கரகரன்னாலும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அந்த 48 மணி நேரம் ஞாபகம் இருக்கட்டும். நீங்களும் சாப்பிடணும்.

குட்டிமேகம் எழுதியது:

அக்கா, பாப்பா எப்படி இருக்கா? தினம் வந்து பார்த்துட்டுப் போறேன்.

மாடிவீடு எழுதியது:

மன்னிக்கணும், எழுத நேரமே கிடைக்கல. இன்னைக்கு அஞ்சாம் நாள். ரெண்டாம் நாள் ராத்திரி 103 வரைக்கும் போச்சு, டாக்டர்கிட்ட போன்ல பேசினோம். நோட்டைப் பார்த்துப் பார்த்து அத்தைதான் பதில் சொன்னாங்க. அவர் கேட்ட எதுக்கும் தடுமாறல. "யாரும்மா எழுதினது?"ன்னு டாக்டர் கேட்டார். "நான்தான் டாக்டர்"னு அவங்க சொன்னப்போ குரல்ல ஒரு நிமிர்வு இருந்துச்சு.

பொண்ணு உள்ள தனியா இருந்த நாள்ல, தனிச்சாவி எழுதினதைப் படிச்சிட்டு, கதவுக்கு வெளிய அத்தை, உள்ள அவ, குறுக்கெழுத்துப் போட்டி. இவங்க கேள்வி படிப்பாங்க, அவ விடை சொல்வா. குரல் போன நாள்ல கதவைத் தட்டி எழுத்து எண்ணிக்கை சொன்னா. பையன் தினம் அஞ்சு மணிக்குக் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு வந்துடுவான்.

இன்னைக்கு நோட்டுல கடைசி வரி: "காலை 6.10. காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டு 24 மணி நேரம் ஆச்சு. பசிக்குதுன்னு சொல்றா."

போர்வை, தலையணை உறையெல்லாம் என்ன பண்றது அக்கா? தனியாத் துவைக்கணுமா?

இரவுப்பணி எழுதியது:

படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு தங்கச்சி. தனியாத் துவைக்க வேண்டியதில்ல. எடுக்கும்போது உதறாம சுருட்டி எடுங்க, மத்த துணியோட சேர்த்து சோப்பு போட்டுத் துவைச்சு நல்லாக் காய வைங்க, அப்புறம் கையைக் கழுவுங்க. இருமல் இன்னும் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும், பயப்படாதீங்க. அத்தை பக்கத்துல உட்காரும்போது மட்டும் கொஞ்ச நாளைக்கு மாஸ்க் போட்டுக்கட்டும். நோட்டை மூடி வச்சிடாதீங்க. பையனுக்கும் உங்களுக்கும் இன்னும் நாலஞ்சு நாள் காலையில பார்த்து எழுதச் சொல்லுங்க.